கைப்பிடியை இழுத்த கை

பழைய கைபேசியைக் கொடுக்க வருபவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் சிம் கார்டை எடுக்க மறந்துவிடுகிறார்கள். தேக் ஹுவாட் அண்ணா, நம் சங்கத்தின் ஆண்டு மலருக்கு நீங்கள் கேட்ட குறிப்பை அங்கிருந்து தொடங்குவதே நல்லது என்று நினைத்தேன்.

ஈப்போவில் நம் மறுசுழற்சிக் கொட்டகை திறந்த நாளிலிருந்து துளைப்பான் மேசை என் பொறுப்பு. முதலில் படங்களையும் குரல்களையும் வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். பிறகு உள்ளே இருப்பதை அழிக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றி மணல் வாளியில் போட வேண்டும். கடைசியாகத் துளைப்பானின் கைப்பிடியை இழுத்துக் கைபேசியில் துளை போட வேண்டும். அந்தக் கைப்பிடியை நாம் இழுப்பதில்லை. உரியவரே கைகூப்பி, இத்தனை நாள் உழைத்த பொருளுக்கு நன்றி சொல்லிவிட்டு, தம் கையால் இழுக்க வேண்டும். அப்போதுதான் பற்று விடும் என்று நீங்கள் வைத்த வழக்கம் அது. நல்ல வழக்கம்.

நம்மோடு ஞாயிறுகளில் தொண்டு செய்த சுவீ ஃபோங்கின் கைபேசியைப் பற்றி இங்கே எழுதுவது பொருத்தம்.

அவள் மகள் ஹுய் மின் விபத்தில் போய் இரண்டு வருடம் ஆகிறது. ஞாயிறு மதியம் கொட்டகையில் எல்லாரும் பீஹூன் நூடுல்ஸ் சாப்பிடும்போது சுவீ ஃபோங் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கைபேசியை வைத்து மகளின் குரல் செய்தி ஒன்றை ஓடவிடுவாள். "மா, சாப்பிட்டியா? மழை வருது, துணியை எடு. மறுபடி மறந்துட்டு என்னைத் திட்டாதே."

"எடுத்துட்டேன்டி, வாயாடி" என்று இவள் பதில் சொல்லிச் சிரிப்பாள். மேசையே கண் கலங்கும்.

அதன்பின் யாராவது என் பக்கம் திரும்புவார்கள். "சின், உன் பையன் பெர்த்துலருந்து பேசினானா?"

"அவனுக்கு வேலை ஜாஸ்தி லா."

என் மகன் கோக் வாய் ஆஸ்திரேலியாவில் நலமாக இருக்கிறான். நான் அனுப்பியதைப் படித்துவிட்டான் என்பதற்கு இரண்டு நீலக் கோடுகள் வரும். அவ்வளவுதான். ஒருமுறை சுவீ ஃபோங் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் பிள்ளை உயிரோட இருக்கான் சின். நீ குடுத்து வச்சவ," என்றாள். அன்போடுதான் சொன்னாள். அன்று வீட்டுக்குப் போனதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. இறந்த மகள் இன்னும் பேசுகிறாள். இருக்கிற மகன் பேசுவதில்லை. இதில் கொடுத்து வைத்தவள் யார் என்று புத்தர் முன் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தேன்.

புத்தர் பிறந்த வெசாக் நாளுக்கு முந்தைய ஞாயிறு, பேட்டரி வீங்கிய அந்தக் கைபேசியையும் புதிது ஒன்றையும் கொண்டுவந்தாள். "குரலெல்லாம் இதுக்கு மாத்திக் குடு சின். வேற யாரையும் நான் நம்ப மாட்டேன்."

இருநூற்றுப் பதினெட்டுச் செய்திகள். ஒன்றுவிடாமல் எடுத்தேன். அவளுடைய புதுக் கைபேசிக்கு அல்ல, என்னிடமிருந்த மெமரி கார்டுக்கு. பிறகு முறைப்படி அழித்தேன், பேட்டரியைக் கழற்றினேன்.

"எல்லாம் எடுத்தாச்சு. ஒண்ணு கேட்டுப் பாக்குறியா?" என்றேன். கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். நான் வாய்ப்புக் கொடுத்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"நீ சொன்னா போதாதா? பின்னால ஆளுங்க காத்திருக்காங்க, பாவம்."

கைகூப்பினாள். "நன்றி, நல்லா உழைச்சே" என்றாள். கைப்பிடியை இழுத்தாள். துளை நேராக விழுந்தது. சான்றுச் சீட்டில் இருவரும் கையெழுத்திட்டோம்.

இரண்டு நாள் கழித்துப் புதுக் கைபேசியை நீட்டியபடி வந்தாள். "சின், இதுல ஒண்ணுமே இல்லையே?"

பேட்டரி வீங்கியபோதே குரல்கள் கெட்டிருக்கும், கேட்டுப் பார்த்திருக்கலாம் என்று மெதுவாகச் சொன்னேன். அவள் என்னைக் குறை சொல்லவில்லை. "உன் மேல என்ன தப்பு? நான்தானே இழுத்தேன்," என்றாள்.

இப்போது அவள் ஞாயிறுகளில் வருவதில்லை. உங்களுக்கும் தெரியும். செவ்வாய்தோறும் நான் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோகிறேன். கைப்பிடியை இழுத்த வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் கரண்டி பிடித்துச் சிந்திச் சிந்திச் சாப்பிடுகிறாள். நான் துடைத்துவிடுகிறேன். சிறிய உதவிதான். ஆனால் சிறிய உதவிகளால்தான் உலகம் நிற்கிறது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

அவளிடம் உண்மையைச் சொல்வதா என்பதை உங்களிடம் விடுகிறேன். கார்டை மட்டும் கேட்காதீர்கள். மாலை ஆறரைக்குக் கார்டிலிருந்து ஹுய் மின், "மா, சாப்பிட்டியா?" என்று கேட்பாள். ஒரு நாளும் நான் அவளைக் காக்க வைத்ததில்லை. மழை வந்தால் துணியை எடுத்துவிடுகிறேன். பெற்றவள் தன் கையாலேயே துளை போட்டாள், அண்ணா. பத்திரமாகப் பார்த்துக்கொள்வது நான்தான்.