அடைத்த குழாய்

— எண்ணெய் பாக்குற குச்சியத் தொடாதீங்க தங்கச்சி, சுடும். பாத்தீங்களா, அதுவா எம்பி வெளிய வருது? இஞ்சினுக்கு மூச்சு முட்டுது.

— அதெல்லாம் எனக்கு வேணாம்ணே. ஸ்டார்ட் ஆயிருச்சுல்ல? வாங்குறவரு நாளைக்கு வந்து ஓட்டிட்டுப் போயிட்டாப் போதும்.

— இப்படியே ஓட்டினா ரெண்டு தெரு தாண்டாது, ஆயிலெல்லாம் கக்கிரும். ரெண்டு வருஷம் போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல மழையிலயும் வெயில்லயும் நின்ன காரு. உள்புகை வெளிய போற இந்த ஹோஸ்ல குளவி கூடு கட்டி வெச்சிருக்கு. நோண்டி எடுத்துட்டா மூச்சு வந்துரும்.

— எடுத்துத் தொலைங்க. காலைல கதவத் தொறந்தாலே அந்த நசுங்குன இடது பக்கம்தான் கண்ணுல படுது.

— ரிப்பேரெல்லாம் வேணாம்னு அப்பவே சொன்னேன்மா. அப்படியே பழைய இரும்புக்குப் போட்டிருக்கலாம்.

— நீங்க நிக்காதீங்கப்பா. அந்த ஸ்டூல்ல உக்காருங்க.

— ஐம்பது வருஷத்து இஞ்சின், இரும்புக்குப் போடவா மனசு வரும் பெரியவரே? கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க தங்கச்சி, இடது பக்கம் யாரு உக்காந்திருந்தா?

— என் வீட்டுக்காரர். ஓட்டினது என் கூடப் பொறந்த அண்ணன். இறக்கத்துல கண்ணு மண்ணு தெரியாம வந்து, நின்னுட்டிருந்த லாரிக்குப் பின்னாடி சொருகிட்டான். அவனுக்கு நெத்தியில நாலு தையல். இவரு அங்கயே முடிஞ்சாரு.

— அடப் பாவமே.

— என்ன பாவம்? ‘வேகமா வந்தேன், தப்பு என்னோடது’ன்னு கோர்ட்டுலயே ஒத்துக்கிட்டான். உள்ள இருக்கான். மாசம் ஒரு லெட்டர் வரும். பிரிக்காம அடுப்புல வெச்சிருவேன்.

— ம்... சரி, ஹோஸ் சுத்தமாயிருச்சு. இஞ்சின் காத்த எப்படி இழுக்குதுன்னு மீட்டர் வெச்சுப் பாத்துரலாம். உள்ள உக்காந்து சாவியத் திருப்புங்க. அட! முள்ளு ஆடாம அசையாம நிக்குதே. இந்த வயசுக்கு இவ்வளவு நல்லா இருக்கக் கூடாதே.

— நல்லா இருந்தாச் சரிதானே தம்பி, பானெட்ட மூடு.

— இருங்க பெரியவரே. தங்கச்சி, ஓடிட்டு இருக்கும்போதே பிரேக்க மிதிங்க.

— கல்லு மாதிரி இருக்குண்ணே.

— இன்னும் அழுத்துங்க.

— ரெண்டு காலாலயும் மிதிக்கிறேன். இறங்க மாட்டேங்குது.

— ஆஃப் பண்ணிட்டு இங்க வாங்க. இந்தத் தடிச்ச ரப்பர் குழாயப் பாருங்க. இஞ்சின்லருந்து அந்த வட்ட டப்பாவுக்குப் போகுது. இஞ்சின் இழுக்குற இழுப்புலதான் அந்த டப்பா உங்க காலுக்கு ஒத்தாசை பண்ணும். கழட்டி ஊதுறேன், காத்து அந்தப் பக்கம் போகல.

— இதுலயும் குளவியா?

— குளவி போல்ட்டு போடாதும்மா. இந்தாங்க, கையில பிடிங்க. ட்யூப் ரப்பரச் சுத்தி, உள்ள தள்ளி, மேல கிளாம்ப் போட்டு இறுக்கியிருக்காங்க. வெளிய இருந்து பாத்தா சாமானியமாத் தெரியாது.

— எதுக்கு? ஆளக் கொல்லவா?

— போல்ட்டு இல்லாம குழாய மாட்டிட்டேன். இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க, தெரியும்.

— ஐயோ, என்னண்ணே இப்படி உதறுது!

— குழாய மடிச்சுப் பிடிக்கிறேன். இப்ப?

— உதறல் நின்னுருச்சு.

— அதுக்குத்தான். டப்பாக்குள்ள ரப்பர் கிழிஞ்சு, அது வழியா வெளிக்காத்து இஞ்சினுக்குள்ள பூந்துருது. டப்பாவ மாத்தணும். மாத்த அலுத்துக்கிட்டு யாரோ குழாய அடைச்சிருக்காங்க. உதறல் போச்சு, கூடவே பிரேக்கும் போச்சு. சமதரையில மெல்லப் போனா உசுரக் குடுத்து மிதிச்சு நிறுத்திரலாம். இறக்கத்துல முடியாது.

— ஆக்சிடென்ட்டுக்கு அப்புறம் வண்டியச் சோதிச்ச ஆபீசரு, பிரேக்கெல்லாம் சரியா இருக்குன்னு எழுதிக் குடுத்தாரே?

— ஸ்டேஷன் வாசல்ல பத்தடி உருட்டிப் பாத்திருப்பாரு. நின்னிருக்கும்.

— அப்போ... அவன் மிதிச்சிருக்கான்.

— மிதிக்காம இருப்பானா தங்கச்சி?

— அப்புறம் ஏன் அப்படி ஒத்துக்கிட்டான்? அப்பா, இத எந்த மெக்கானிக்கிட்ட விட்டீங்க? சொல்லுங்கப்பா, இப்பவே போய் அவன் சட்டையப் பிடிக்கிறேன். எங்கப்பா எந்திரிச்சுப் போறீங்க?

— மெக்கானிக்கெல்லாம் யாரும் இல்லம்மா.

— அப்பா...

— வண்டி உதறி உதறி சிக்னலுக்கு சிக்னல் நின்னு மானம் போச்சு. ஆக்சிடென்ட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் நானேதான் குழாய அடைச்சேன். பட்டு மாதிரி ஓடுச்சு. தெருவுக்குள்ள ஒரு சுத்து போய்ப் பாத்தேன். பெடல் கெட்டியாத்தான் இருந்துச்சு, போகப் போக இளகிரும்னு விட்டுட்டேன். காலைல மாப்பிள்ளைக்கு பஸ் போயிருச்சு. கொண்டு போய் விட்டுட்டு வாடான்னு நான்தான் சாவியக் குடுத்தேன்.

— அண்ணனுக்குத் தெரியுமா?

— ஆஸ்பத்திரியிலயே அவன் காலப் பிடிச்சுச் சொல்லிட்டேன். போலீஸ்ல போய் ஒத்துக்கிறேன்னேன்.

— அவன் என்ன சொன்னான்?

— ‘உங்க உடம்புக்கு உள்ள ஒரு மாசம் தாங்காதுப்பா. தங்கச்சி தனியாயிருவா, நீங்க கூட இருங்க. நான் போறேன்’னான்.

— நீங்க?

— நான் சரின்னுட்டேன்மா.