நகக்கண்ணில் வெள்ளி

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் நாகூர் கனிக்கு என்மேல் பிரியம் அதிகம். அவர் மகள் ஹஸ்னா எங்கள் பள்ளியில் முதல் மார்க் வாங்கியதிலிருந்து எனக்கு வருகிற டீயெல்லாம் பாயசம்தான்.

விபத்து நடந்து பத்து மாதம் கழித்து விசாரணைக்கு வந்திருக்கிறீர்கள். சர்க்கார் வேகம் எனக்கும் பழக்கம்தான், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கேளுங்கள், ஒளிக்க ஒன்றுமில்லை.

இந்த அரசு உயர்நிலைப் பள்ளிக்கு 2003-இல் தலைமையாசிரியராக வந்தேன். ஏழாயிரம்பண்ணைக்கு இந்தப் பக்கம் காய்ந்த காடு, காட்டுக்கு நடுவே பட்டாசுக் கம்பெனிகள். பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேரின் தாத்தாக்கள் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். அப்பா அம்மாவுக்கு மருந்து வேலை. பட்டாசில் அடைக்கிற பொடிக்கு இங்கே மருந்து என்றுதான் பெயர், யாருக்கும் எந்த வியாதியும் அதில் குணமானதாகத் தெரியவில்லை.

முதல் வருஷம் பத்தாம் வகுப்பில் பாதிப் பேர் தேறவில்லை. மாவட்டக் கூட்டத்தில் தேர்ச்சி குறைந்த தலைமையாசிரியர்களை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன். பின் வரிசையில் உட்கார்ந்திருந்தவன் ஒரு காலத்தில் என்னிடம் படித்தவன், அப்போதே காரியாபட்டிப் பக்கம் தலைமையாசிரியர். அவன் குனிந்து செருப்பைச் சரி செய்வதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டான். அந்த அவமானத்தில் எனக்கு ஒரு வாரம் சரியாகத் தூக்கமில்லை.

அப்புறம்தான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பெயிலான பிள்ளைகளில் பலருக்கு நகக்கண்ணில் வெள்ளி மின்னியது. அலுமினியப் பொடி. லீவு நாளில் கம்பெனிக்குப் போய்விட்டு, திங்கட்கிழமை வகுப்பில் சாமியாடுவதுபோல் தூங்கி விழுகிற பிள்ளைகள். அவர்களுக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்து யாருக்கு என்ன லாபம்?

காலைப் பிரார்த்தனையில் கையை நீட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போவேன். சுத்தம் பார்ப்பதாக எல்லாரும் நினைத்தார்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் ரொம்பவும் பாராட்டிவிட்டுப் போனார்.

யாரையும் நான் விரட்டவில்லை. ஊர் முக்கில் நின்றுகொண்டிருந்த கம்பெனி வேனைப் பள்ளி வாசலில் நிறுத்தும்படி போர்மேன் தங்கச்சாமியிடம் சொன்னேன். ஒன்பதாம் வகுப்பில் நகம் மின்னுகிற பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டுப் பக்குவமாகப் பேசினேன். வேனில் ஏற்றும்போது தங்கச்சாமி சம்பிரதாயத்துக்கு, "பதினெட்டு ஆயிருச்சா சார்?" என்பார். "ஆயிருச்சு" என்பேன். அதற்குமேல் கேட்க மாட்டார். எங்கள் பக்கத்தில் வாத்தியார் வாய்க்கு இன்னும் அவ்வளவு மரியாதை இருக்கிறது.

இரண்டே வருஷத்தில் நூற்றுக்கு நூறு. அதே கூட்டத்தில் எனக்குக் கைதட்டினார்கள்.

பானுப்பிரியாவைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள், அதற்கே வருகிறேன். இரட்டைச் சடை, ஓயாத வாய், கணக்கில் சுமார். நகம் மட்டும் எவர்சில்வர் டம்ளர் மாதிரி பளபளக்கும். அவள் அம்மா குருவம்மாளை வரச் சொன்னேன். அவளும் கம்பெனி வேலைதான். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து நின்றாள்.

"நான் மருந்துல கெடந்து சாகுறது போதும் சார். இவளாச்சும் டீச்சருக்குப் படிக்கட்டும்."

"கணக்கு வரலையேம்மா."

"இன்னும் ஒரு வருசம் பாருங்க சார். வீட்ல அம்புட்டு நேரம் படிக்கா."

"பத்தாவதுல பெயிலானா அவளுக்குத்தானே கேவலம். இப்பவே வேலைக்குப் போனா நாலு காசு சேரும்."

"நீங்க சொல்றீக. சரியாத்தான் சார் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் பானுப்பிரியா வேனில் ஏறினாள். ஜன்னல் வழியாக எனக்குக் குட்மார்னிங் வேறு சொன்னாள். நல்ல பிள்ளை. நானும் பதிலுக்குச் சொன்னேன்.

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தபோது, ஒரு முற்பகலில் கம்பெனிப் பக்கமிருந்து வெடிச் சத்தம் கேட்டது. ஜன்னல் கண்ணாடி இரண்டு உதிர்ந்தது. பத்தாம் வகுப்புக்கு அப்போது கணக்குத் தேர்வு நடந்துகொண்டிருந்தது, நேரம் வீணாக வேண்டாம் என்று தொடர்ந்து நடத்தச் சொன்னேன். பானுப்பிரியாவோடு சேர்த்து உயிர் போனது நான்கு பேருக்கு. அதில் இன்னும் இருவர் நம் பள்ளியின் பழைய ஒன்பதாம் வகுப்பு. டீச்சர்கள் மௌன அஞ்சலி செலுத்தலாமா என்று கேட்டார்கள். படிப்பை நிறுத்திய பிள்ளைகளுக்கு அதெல்லாம் வழக்கமில்லை என்று சொல்லிவிட்டேன்.

காரியம் முடிந்து குருவம்மாள் வந்தாள். வையவில்லை, அழவுமில்லை.

"நகத்தப் பாத்துத்தான் பிள்ளைகள அனுப்புறீகன்னு இப்பத்தான் சார் சொன்னாக. நீங்க அனுப்புற வரைக்கும் எம்மக கம்பெனி வாசலை மிதிச்சதே இல்ல. தெனமும் என் வேலைச் சேலையத் தொவச்சுப் போடுவா. அந்தப் பொடி சார் அது."

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் நீங்களும் நிர்வாகம் பார்க்கிறவர், உங்களுக்குத் தெரியாததா? எவ்வளவு நல்ல ஏற்பாட்டிலும் எங்கேயாவது ஒரு சின்னப் பிசகு வரும்.

எழுதிக்கொள்ளுங்கள். நான்தான் அனுப்பினேன். பதினான்கு வயது என்று தெரிந்தேதான் பதினெட்டு என்று சொன்னேன். இந்த வருஷமும் நூற்றுக்கு நூறு வந்திருக்கிறது, அதையும் சேர்த்து எழுதுங்கள்.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். நேற்று குருவம்மாள் தன் சின்ன மகள் இசைவாணியை ஆறாம் வகுப்பில் சேர்க்க வந்தாள். நடந்துபோகிற தூரத்தில் வேறு பள்ளி இல்லையே. பழக்கதோஷம், பிள்ளையைக் கையை நீட்டச் சொன்னேன். நீட்டாமல் அம்மாவைப் பார்த்தது. அவள் தலையசைத்த பிறகு நீட்டியது. நகத்தைச் சதையோடு ஒட்ட வெட்டி, பத்து விரலையும் தோல் உரிகிற அளவுக்குத் தேய்த்துக் கழுவி அழைத்து வந்திருந்தாள். இரண்டு விரலில் ரத்தம்கூடக் கசிந்திருந்தது.

நான் வந்தபோது இந்த ஊரில் சுத்தத்தைப் பற்றி யாருக்கு அக்கறை இருந்தது, சொல்லுங்கள்.