புயல் கட்டடத்தின் இரும்புக் கதவு

எனக்கு மீன் பிடிக்கும். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. மீனவர்கள் மேல் எனக்கு வெறுப்பு என்று வெளியில் பேசிக்கொள்கிறார்களாம். பழவேற்காடு ஏரியோரத்து அந்தக் குப்பத்தில், கனகாம்பாள் கையால் எத்தனையோ நாள் இறால் குழம்பு சாப்பிட்டவன் நான்.

புயல் வந்தால் குப்பத்து ஜனங்கள் ஒதுங்க ஒரு கட்டடம் வேண்டும் என்று முடிவானபோது, ஓவர்சியரான என்னிடம்தான் வரைபடம் கேட்டார்கள். உயரமான தூண்கள், தடித்த சுவர், வெள்ளம் புகாதபடி உச்சியில் சன்னல்கள். என் சொந்த வீட்டுக்குக்கூட நான் அவ்வளவு யோசித்ததில்லை.

கனகாம்பாளின் புருஷன் துலுக்காணம்தான் குப்பத்துக்குப் பெரியவன். "வல காய ஒரு எடம் வுட்டுக் கட்டு சார்" என்றான்.

"இது மனுஷங்க தங்கறதுக்குப்பா. சுத்தமா வெச்சிப்பீங்களா?"

"கோயிலாட்டம் வெச்சிக்கிறோம் சார்."

நம்பினேன்.

எழுபத்தொன்றில் மேலதிகாரிகள் பார்வையிட வந்தார்கள். உள்ளே தரை முழுக்கக் கருவாடு. தூணுக்குத் தூண் வலை. வெள்ளையடித்த சுவரில் யாரோ கரியால் படகு வரைந்திருந்தார்கள். அதிகாரிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். துலுக்காணமும் கூடச் சேர்ந்து சிரித்தான். "மழைல வேற எங்க சார் காய வெக்கறது? எங்குளுக்குன்னு கட்னதுதான?"

வாக்குக் கொடுத்தவன் அப்படிச் சிரித்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

மனிதர்களைத் திருத்த முடியாவிட்டால் கட்டடத்தைத் திருத்த வேண்டும். அதுதான் என் தொழில். இரும்புக் கதவு போட்டுப் பூட்டினேன். சாவி என்னிடம். பொதுச்சொத்தைக் காப்பாற்றினேன் என்று மேலிடத்தில் பாராட்டினார்கள்.

அடுத்த ஐப்பசியில் புயல் எச்சரிக்கை வந்தது. கதவைத் திறந்துவிடச் சொல்லி, கும்மிடிப்பூண்டியிலிருந்து ஜீப்பில் என்னை அனுப்பினார்கள்; இறக்கிவிட்டு ஜீப் திரும்பிவிட்டது. காலையிலேயே போய்விட்டேன், கடமையில் தவறவில்லை. நான் கதவைத் திறந்ததும் துலுக்காணம் வலை மூட்டையோடு படியில் நின்றான். அவனுக்குப் பின்னால் ஊரே வலையும் கூடையுமாக.

"வலைய வெளிய போட்டுட்டு வா."

"வல போச்சின்னா, நாங்க இருந்துகினு இன்னா பண்றது சார்?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டேன். கொஞ்சம் யோசிக்கட்டும் என்றுதான்.

பிற்பகலில் ஏரி ஊருக்குள் ஏறியது. கதவைத் தட்டினார்கள். கனகாம்பாளின் குரல் கேட்டது. "வலையெல்லாம் வுட்டுட்டோம் சார். நாங்க இங்கியே கெடக்கறோம். கொழந்தைங்கள மட்டும் உள்ள எடுத்துக்க சார்."

சுத்தமாக வைத்துக்கொள்கிறோம் என்று சொன்னவர்களும் இவர்கள்தானே. ஒருமுறை ஏமாந்தவன் மறுபடியும் எப்படி நம்புவான்?

சன்னல்கள் உயரத்தில் இருந்ததால் நான் எதையும் பார்க்கவில்லை. தட்டும் சத்தம் மெல்லக் குறைந்து நின்றது. வேறு மேட்டுக்குப் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பனைமரத்தைப் பிடித்துப் பிழைத்த துலுக்காணம்தான் புகார் கொடுத்தான் என்கிறீர்கள். கனகாம்பாளும் பிள்ளைகளும் போனதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் என்னோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று எதிர்பார்க்கவில்லை.

என்னைப் பற்றி எது வேண்டுமானாலும் எழுதுங்கள். கட்டடத்தில் குறை என்று மட்டும் எழுதாதீர்கள். போய்ப் பாருங்கள், ஒரு விரிசல் கிடையாது. உள்ளே இருந்த யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

உள்ளே நான் மட்டும்தான் இருந்தேன்.