குடியிருந்த வீடு

இந்த அறைக்கு மேற்கே ஜன்னல் வைத்தவர் மாலை வெயிலில் உட்கார்ந்ததே இல்லை போலிருக்கிறது. தப்பாக நினைக்காதீர்கள், ஐயா. விருந்தாளிகளுக்கு அறை வாடகைக்கு விடுகிறவன் நான். எங்கே நுழைந்தாலும் முதலில் கண் ஜன்னலுக்குத்தான் போகும். நாற்காலியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டால் உங்களுக்குக் கண் கூசாது.

எங்களுடையது விவசாய நிலம். பட்டணத்திலிருந்து வருகிறவர்கள் கோழி கூவினால்கூடப் போனை நீட்டிப் பதிவு செய்கிறார்கள். அவர்களுக்காக எங்கள் வீட்டிலேயே இரண்டு அறைகளை ஒழித்து வைத்தோம். மனைவி சமைத்தாள், நான் வாயடித்தேன். தொழில் பிய்த்துக்கொண்டு போயிற்று. கேட்டு வந்தவர்களில் பாதிப் பேரை இடமில்லை என்று திருப்பி அனுப்பும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

விவசாய மண்டலத்தில் சுற்றுலாவுக்கென்று புதுக் கட்டடம் எழுப்பக் கூடாது என்பது விதி. குளத்தங்கரையில் அப்பா காலத்து வீடு ஒன்று கிடந்தது. கூரை வேய்ந்த வீடு, சுவரெல்லாம் விரிசல், ஆனால் காற்று அள்ளிக்கொண்டு வரும். அதை இடித்துவிட்டு அறைகள் கட்டலாமா என்று அனுமதி அலுவலகத்தில் போய்க் கேட்டேன். அங்கிருந்த அதிகாரி தங்கமான மனுஷர்.

"நீங்களா இடிச்சா அதோட சரிங்க, திரும்பக் கட்ட முடியாது. தீ, வெள்ளம்னு தானா போச்சுன்னா அதே இடத்துல கட்டிக்கலாம். ஆனா அதுல ஆள் குடியிருந்திருக்கணும். காலி வீடு எங்களுக்கு வீடே இல்ல."

"கட்டினப்புறம் விருந்தாளிங்களுக்கு விடலாமா?"

"குடியிருந்தவருக்குத்தாங்க முதல் உரிமை. அவர் உயிரோட இருக்கிற வரைக்கும் அது அவர் வீடு. அப்புறம் உங்க இஷ்டம்."

அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். விதி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும், ஐயா. கேட்டவுடன் புரிய வேண்டும்.

சித்தப்பா அப்போது பட்டணத்தில், ஒரு மெக்கானிக் கடையின் மாடியில் தனியாக இருந்தார். அப்பாவுக்கு ஒரே தம்பி, கல்யாணம் செய்துகொள்ளாதவர். படி ஏறி இறங்கியே முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. மாடியைக் காலி செய்துவிட்டுக் குளத்தங்கரை வீட்டுக்கு வந்துவிடச் சொன்னேன்.

"ஏண்டா, திடீர்னு சித்தப்பா மேல இவ்வளவு பாசம்?" என்று சிரித்தார்.

"வீடு சும்மாதானே கெடக்கு. நீங்க வந்தா எனக்கும் நல்லது" என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

வந்த மனுஷருக்கு வயது பாதியாகக் குறைந்துவிட்டது. வாசலில் தக்காளி போட்டார். தூண்டிலைப் போட்டுவிட்டுக் குளத்தங்கரையில் உட்கார்ந்திருப்பார். மீன் சிக்காது, அதைப் பற்றி அவர் கவலைப்படவும் மாட்டார். என் விருந்தாளிகளிடம் அவர் அளந்த கதைகளுக்குக் கணக்கே கிடையாது. ஒருநாள் அதிகாரி வந்து, அடுப்பில் உலை கொதிப்பதையும் கொடியில் துணி காய்வதையும் பார்த்துவிட்டு, குடியிருக்கும் வீடு என்று பதிந்துகொண்டார். சித்தப்பா அவருக்கு ஒரு பை நிறையத் தக்காளி பறித்துக் கொடுத்தனுப்பினார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அறுவடை முடிந்ததும் வயலில் நிற்கும் நெல் தாளைக் கொளுத்துவது எங்கள் பக்கம் எல்லோரும் செய்கிற வேலைதான். புகையைப் பார்த்து யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். காற்று குளத்தங்கரைப் பக்கம் வீசுகிற நாளுக்காகக் காத்திருந்தேன். மதியம் சாப்பிட்டால் சித்தப்பா ஒரு தூக்கம் போட்டாக வேண்டும். அந்த நேரமாகப் பார்த்துக் கொளுத்தினேன், மற்றதைக் காற்று பார்த்துக்கொண்டது. ஆட்கள் ஓடி வந்தபோது கூரை உள்ளே விழுந்திருந்தது. நானும் அவர்களோடு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். என் புருவம் பொசுங்கியது நடிப்பில்லை.

என்னைக் கவிழ்த்தது கட்டில்தான். சித்தப்பா படுத்துக்கொண்டிருந்த தேக்குக் கட்டில், நாலு காலிலும் கடைசல் வேலை. அந்த மாதிரிப் பழைய சாமான் என்றால் விருந்தாளிகள் உயிரை விடுவார்கள். எரியவிட எனக்கு மனசு வரவில்லை. பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்று சொல்லி, முந்தின நாளே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து கொட்டகையில் சாக்குப் போட்டு மூடிவைத்தேன். சித்தப்பா தரையில் படுத்துக்கொண்டார். புது அறைகள் கட்டி முடிந்த பிறகு அதைக் கொண்டுபோய்ப் போட்டபோது, விரிப்பு மாற்ற வந்த மனைவி அப்படியே நின்றுவிட்டாள்.

"இது சின்ன மாமாவோட கட்டில்தானே? இது எப்படிங்க எரியாம இருக்கு?"

"பாலிஷ் போடணும்னு முந்தின நாள் எடுத்துட்டு வந்தேன்."

அவள் கட்டில் காலைத் தடவிப் பார்த்தாள். "பாலிஷே போடலையே" என்றாள். கையிலிருந்த விரிப்பை மடித்து வைத்துவிட்டு வெளியே போனாள். நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறாள். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவள் என்னிடம் இன்னும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதில் எனக்கு வருத்தம்தான்.

கதவைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், வெளித் தாழ்ப்பாளைப் போட்டது நான்தான். உள்ளேயிருந்து தட்டினார், என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார், எல்லாம் கேட்டது. நீங்களே யோசித்துப் பாருங்கள், ஐயா. குளத்தங்கரை வீடு எரிந்துகொண்டிருக்கிறது. பட்டணத்து மாடியையும் காலி செய்துவிட்டு வந்தவர். என் வீட்டில் இரண்டு அறையிலும் அன்றைக்கு ஆள் இருக்கிறது. கதவைத் திறந்துவிட்டால் அவர் எங்கே போவார்? அப்பாவோடு கூடப் பிறந்தவரைத் தெருவில் நிற்க விடுகிற ஆள் நான் இல்லை.