ஆயிரத்தைத் தாண்டினால்

நான் கூட்டங்களில் யார் பேச்சிலும் குறுக்கே பேசுவதில்லை. டுலூத் அலுவலகத்தில் பதினாறு வருஷம் இருந்தேன். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் ஆபீசர், ரஸ் டாலெஃப்சன் அமைதியான ஆள் என்றுதான் சொல்வார்கள்.

நாங்கள் செய்தது ஆஸ்பத்திரியில் நரம்பு வழியே மருந்து ஏற்றும் பம்ப். அதன் கெர்னலை, அதாவது உள்ளே இருக்கும் எல்லாக் கருவிகளையும் மேய்க்கும் அடிப்படை மென்பொருளை, எழுதியவன் நான். மோட்டார், திரை, குழாயில் காற்று வந்தால் சொல்லும் சென்சார், எதற்கு அவசரமென்றாலும் அது பிராசஸரைக் கூப்பிடும். அந்தக் கூப்பாட்டுக்கு இன்டரப்ட் என்று பெயர். கூப்பிட்டால் பிராசஸர் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டுப் போய்ப் பார்த்தாக வேண்டும்.

காற்று சென்சார் மட்டமான சரக்கு. சில நேரம் காரணமே இல்லாமல் நொடிக்கு நாற்பதாயிரம் தடவை கூப்பிடும். அதற்குப் பதில் சொல்லியே பிராசஸர் திணறி, மோட்டார் நின்றுவிடும். நல்ல சென்சார் வர எட்டு மாதம் ஆகும் என்றார்கள். நான் ஒரே மதியத்தில் சரிசெய்தேன். நொடிக்கு ஆயிரத்தைத் தாண்டினால், பம்பை அணைத்துப் போடும்வரை அந்த சென்சாரைக் கேட்காதே. அவ்வளவுதான். முதலில் கூடவே அலாரம் அடிக்கவும் எழுதியிருந்தேன். சோதனை வார்டில் அது நாளுக்குப் பதினொரு தடவை அடித்தது. நர்ஸுகள் திட்டினார்கள். எடுத்துவிட்டேன்.

சோதனைப் பிரிவு மரிசோல் ட்ரெஹோ மட்டும் என் மேஜைக்கு வந்து நின்றாள்.

“ரஸ், நெஜமாவே காத்து வந்தா நுரையாத்தான் வரும். ஒவ்வொரு குமிழிக்கும் சென்சார் கத்தும். ஆயிரத்தைத் தாண்டிடும். அப்பப் பார்த்து நீ காதைப் பொத்திக்கச் சொல்லியிருக்க.”

“அந்த சென்சார் பொய் சொல்லுது மரிசோல்.”

“பத்துல ஒம்போது தடவை பொய். பத்தாவது?”

“நீ மொதமொதல்ல கெர்னலைத் தொறந்து பார்த்ததே போன வருஷம்தானே?”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் கொடுத்த புகாரை, தேவையில்லை என்று எழுதி மூடியது நான்தான்.

மார்ச்சில் ஆர்விட் காங்காஸ். இரும்புத்தாது ஏற்றும் கப்பலில் சமையல்காரர், இதய ஆபரேஷன் முடிந்து தேறிவந்தவர். கழுத்துக் குழாய் வழியே மருந்து ஏறிக்கொண்டிருந்தது. பை காலியாகி நுரை ரத்தத்தில் இறங்கியது; ஆள் பிழைக்கவில்லை. பம்பின் பதிவு என்னிடம்தான் வந்தது. நொடிக்கு ஆயிரத்து நூற்று நாற்பது கூப்பாடு; சென்சார் மூடப்பட்டது. மதியச் சாப்பாட்டை ஓரமாக வைத்துவிட்டு அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு வார்டுகளில் இரண்டாயிரத்து அறுநூறு பம்ப்கள் ஓடிக்கொண்டிருந்தன. அடுத்த வாரமே எல்லாவற்றுக்கும் ஒரு புதுப்பிப்பு அனுப்பினேன். ஆமாம், நீங்கள் கண்டுபிடித்தது அதைத்தான். அது சென்சாரைத் திறக்கவில்லை. மூடியதைப் பதிவில் எழுதும் வரியை மட்டும் நீக்கியது. அதற்குப் பிறகு இரண்டு பேர். ஒருத்திக்கு ஒன்பது வயது.

மரிசோல் உங்களிடம் வந்ததில் எனக்குக் கோபமில்லை. அவள் வேலையை அவள் செய்தாள். வருத்தமில்லையா என்று மூன்றாவது தடவை கேட்கிறீர்கள். பம்ப் நிற்கக் கூடாது, அதுதான் எனக்குக் கொடுத்த வேலை. அந்த மூன்று பம்ப்களும் கடைசிவரை ஒரு நொடிகூட நிற்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.