கழுத்துக் கட்டியும் தக்காளிச் செடியும்

"இவரத் தக்காளிச் செடின்னு எழுதிக்கங்க சார். அப்பவாச்சும் சீக்கிரம் பாத்துச் சொல்லுவீக."

திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரி. பரிசோதனை முடிவு கொடுக்கும் ஜன்னல் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள்தான் அப்படிச் சொன்னார். பக்கத்தில் அவருடைய கணவர், கழுத்தில் பிளாஸ்திரியோடு நின்றார்.

"விளையாடாதீங்கம்மா," என்றார் ஜன்னலுக்கு உள்ளே இருந்த ஊழியர்.

"நெசமாத்தான் சார். எங்க ஊரு எரியோட்டுல, தோட்டத்துத் தக்காளி வேருல முடிச்சு முடிச்சா இருந்துச்சு. காலேஜுல ஆராய்ச்சி பண்றவுக வந்து நாலு செடியப் பிடுங்கிட்டுப் போனாக. அந்த வாரமே போன் பண்ணி, புழுதான், இன்ன மருந்து வைங்கன்னுட்டாக. இவரு கழுத்துல வெட்டி எடுத்த கட்டிக்கு மூணு வாரமாக் காத்துக் கெடக்கோம். புத்துநோயா இல்லையான்னு ஒரு வார்த்தை கெடையாது."

ஊழியர் காகிதக் கட்டைப் புரட்டினார். "வந்திருச்சும்மா. சாதாக் கட்டிதான், பயப்பட ஒண்ணுமில்ல. ரிப்போர்ட் வந்தே பத்து நாளாச்சு."

கணவர் சுவரில் சாய்ந்துகொண்டார். அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"பத்து நாளா இந்த மனுசன் ஒருவாய் சோறு ஒழுங்காத் திங்கல. ஒரு போன் பண்ணக் கூடாதா சார்?"

"இங்க அந்த வழக்கம் இல்லம்மா." ஊழியர் ஒரு தாளை நீட்டினார். "ஐயா, டெஸ்ட் பண்ணது போக மிச்சக் கட்டிய ஆராய்ச்சிக்குக் கேக்குறாங்க. சம்மதம்னு இதுல கையெழுத்துப் போடுங்க. இன்னைக்கே அனுப்பணும், ரொம்ப அவசரம்."

கணவர் அப்போதுதான் வாய் திறந்தார்.

"தாராளமாப் போடுறேன் சார். பத்து நாள் கழிச்சு வாரேன்."