சுப்ராயனின் மஞ்சள் கூடை

கரன்ட் வருவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன், கிட்டே வாருங்கள். கடைசியில் இருப்பவர் இன்னும் கொஞ்சம்... முதுகுக்குப் பின்னால் இடம் விடாதீர்கள்.

உச்சிவேளை. ஆமாம், பகல் பன்னிரண்டு. பேய்க்கு ராத்திரி டியூட்டி மட்டும்தான் என்று யார் சொன்னது? சுனாமி வந்துபோன மறு கோடை. மரக்காணம் உப்பளத்துக்கு நடுவே கடலைப் பார்த்துப் போகிற மண்ரோடு. இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று உப்பு. அந்த வெயிலில் காக்கா பறந்தால் வறுவலாகத்தான் கீழே விழும். ஆள் நடமாட்டமே இல்லை.

அங்கே தனியாக போர்டு எழுதிக்கொண்டிருந்தார் சுப்ராயன். என் சிநேகிதரான தமிழ் வாத்தியார் தட்சணாமூர்த்தியின் தங்கை வீட்டுக்காரர். கடலுக்குப் போகிற வழியெல்லாம் தகரத்தில் மண்டையோடு வரைந்து, கீழே சிவப்பில் 'அபாயம்' என்று எழுதுகிற வேலை.

வாத்தியார் குடை பிடித்துக்கொண்டு சாப்பாட்டுத் தூக்கோடு வந்தார். வந்தவர் சும்மா இருப்பாரா?

"மாப்ள, எழுதிக்கினே இருக்கியே, அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியுமா?"

"ஆபத்து. இதுக்கு ஒரு வாத்தியார் வேணுமா?"

"அது அப்புறம் வந்த அர்த்தம்யா. வடமொழி வார்த்தை அது. ஆதியில 'விலகிப் போறது'ன்னுதான் பொருள். கூட இருந்தது விட்டுப் போச்சுன்னா அபாயம். அதுலேர்ந்துதான் கேடுன்னு ஆச்சு."

வாத்தியார் தூக்கை வைத்துவிட்டுப் போய்விட்டார். சுப்ராயனின் பிரஷ் நின்ற இடத்திலேயே நின்றது. சிவப்பு பெயின்ட் சொட்டியது...

ஏனென்றால், சுனாமி வந்த அன்றைக்குக் காலையில், அலைக்கு முன்னால் கடல் விலகிப் போனதை அவர் பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. சேற்றில் மீன் துள்ளுகிறது. சுப்ராயன் உப்பளத்தில் பிறந்தவர். பாத்தியில் தண்ணீர் வற்றிப் போனால்தான் உப்பு. தண்ணீர் போகும்போது எதையாவது நமக்கு வைத்துவிட்டுத்தான் போகும் என்று பிறந்ததிலிருந்து பார்த்த கண். பக்கத்து வீட்டுப் பொன்னம்மாளைக் கூப்பிட்டு, தன் மஞ்சள் ஒயர் கூடையைக் கையில் கொடுத்தார்.

"ஓடு பொன்னம்மா, ரொப்பிக்கினு வா. பாதி உனக்கு, பாதி எனக்கு."

பொன்னம்மாளின் உடம்பு கிடைத்தது. கூடை கிடைக்கவில்லை. மகள் அமராவதி வந்து கேட்டாள்: "எங்கம்மா கடல் பக்கமே போவாதே மாமா. யாரு சொல்லிப் போச்சு?"

"எனக்கென்னம்மா தெரியும்" என்றார் சுப்ராயன். அன்றிலிருந்து அவர் நாக்குக்கு உப்பே உறைக்கவில்லை, கைநிறைய அள்ளிப் போட்டாலும். சரி, அது நான் கூட்டிச் சொன்னது. இனிமேல் சொல்வதில் ஒரு பொட்டுகூடக் கூட்டவில்லை.

சளக்...

போர்டு முன்னால் நின்ற சுப்ராயனுக்குப் பின்னால். காய்ந்து வெடித்த மண்ரோட்டில், ஈரக்கால் சத்தம்.

சளக்... சளக்...

டர்பன்டைன் வாசனை போய், சேறும் பச்சை மீனுமாக நாற்றம். பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. ஐஸ் மாதிரி.

"அண்ணே... இது போதுமா?"

சுப்ராயன் திரும்பவில்லை. பாத்தியென்றும் வரப்பென்றும் பாராமல் உப்பில் விழுந்து ஓடினார். கால் கிழிந்து, வெள்ளை உப்பில் சிவப்பாகத் தடம். வீட்டுக்குப் போகவில்லை. நேரே அமராவதி வாசலில் போய் விழுந்தார்.

"நான்தாம்மா... நான்தான் உங்கம்மாவை அனுப்பினேன். தெரியாதுன்னு பொய் சொன்னேன்."

அமராவதி அழவில்லை. திட்டவும் இல்லை. தலை துவட்டிக்கொண்டே உள்ளே கையைக் காட்டினாள். ஆணியில் மஞ்சள் ஒயர் கூடை. கீழே தரையெல்லாம் தண்ணீர்.

"தெரியும் மாமா. இப்பதான் அம்மா சொல்லிட்டுப் போச்சு. பாதி நீங்க எடுத்துக்கணுமாம்."

கூடைக்குள் ஏதோ துள்ளியது.